வில்வண்டியின் வில்லும் பிக்கப்பின் காற்றுப் பையும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் சென்ற மாதம் ஒரு பிக்கப் வண்டி ஜாக்கியின்மேல் உயர்ந்து நின்றது. திருவிழாக்களுக்கு ஜெனரேட்டரை டிரெய்லரில் வைத்து இழுத்துச் செல்லும் வண்டி. அதன் பின் அச்சின் இருபுறமும் ரப்பராலான காற்றுப் பைகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். (விபத்தின்போது விரியும் பை அன்று, சுமைக்கு அடியில் அமரும் பை.) எதற்கு என்று உரிமையாளரிடம் கேட்டேன். "வண்டி பின்னால தாழக் கூடாது" என்றார். களஆய்வுக் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டபோது, இதே வட்டாரத்தில் 1893ஆம் ஆண்டு ஓடிய வேறொரு வண்டி நினைவுக்கு வந்தது. அதன் வரலாற்றிலும் அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவில் இருந்த பொருளே முக்கியம் என்பது என் கருத்து.

முதலில் பையைப் பற்றி. டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு, இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குகிறது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னே இருப்பதால் நெம்புகோல்போல வேலை செய்து வண்டியின் முன்புறத்தைத் தூக்கும். முன்சக்கரங்களின் பிடி தளரும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணில் விழும். எஃகுப் பட்டைகளுக்குத் துணையாகச் சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடையில் வைத்த பையில் காற்றேற்றினால் வண்டி மட்டத்துக்கு வந்துவிடும். சுமை இல்லாதபோது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். முற்றிலும் இறக்கிவிட்டால் பை மடிந்து உரசிக் கிழியும். புகைக்குழாயின் வெப்பம் படாமலும் பிரேக் குழாயில் உரசாமலும் அதைப் பொருத்துவதில்தான் பட்டறைக்காரரின் கைத்திறன் தெரியும். கசிவு உண்டா என்று சோப்பு நீர் தெளித்துக் குமிழி பார்க்கிறார்கள். ஆனால் அச்சு, பிரேக், டயர் ஆகியவற்றின் தாங்குதிறன் இதனால் இம்மியளவும் கூடுவதில்லை. மட்டமாக நிற்கும் வண்டியில் இன்னும் ஏற்றலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது ஆபத்தான கணக்கு.

இனி 1893. எஃகுப் பட்டைகளை அடுக்கிய வளைவின்மேல் வண்டியுடலைத் தாங்கவைக்கும் முறையை இங்கிலாந்தில் ஒபடையா எலியட் 1804இல் குதிரை வண்டிகளுக்குக் கொண்டுவந்தார். அது மாட்டுவண்டிக்கு வந்தபோது தமிழும் மலையாளமும் அதன் வடிவத்தைப் பார்த்து ஒரே பெயரை வைத்தன: வில். வில்வண்டி வசதியுள்ளோர் அமர்ந்து செல்வதற்கானது. நெல்லும் தேங்காயும் ஏறியது கட்டை வண்டியில். அங்கே தட்டு நேராக அச்சின்மேல் கிடக்கும், வில் கிடையாது. அதற்கும் கீழே தலைச்சுமை. தலைச்சுமைக்காரருக்குச் சாலை தந்த ஒரே உதவி சுமைதாங்கிக் கல். தோளுயரத்தில் குறுக்கே கிடத்திய அந்தப் பலகைக்கல்லின்மேல், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பாரத்துக்கு வில் வேண்டாம், அமர்பவருக்கே வேண்டும் என்பதே அக்காலத்தின் ஒழுங்கு.

இந்த ஒழுங்கினுள்தான் வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தம் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்த உடையை அணிந்து, பொதுச்சாலையில் அமர்ந்து சென்றார். புலையர் சமூகத்தில் பிறந்தவர் அவர். பொதுச்சாலைகள் அனைவருக்கும் உரியவை என்ற அரசாணைகள் திருவிதாங்கூரில் முன்பே இருந்தும், சாலையில் நடப்பு வேறாக இருந்தது. 1898இல் பாலராமபுரம் சாலியத் தெருவில் அவர்தம் கூட்டத்துக்கும் எதிர்த்தோருக்கும் மோதல் மூண்டது. அத்தெரு நெசவாளர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்பதைத் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இது நமக்கு அயலார் கதை அன்று.

ஆங்கில வரலாற்று நூல்கள் பலவும் இந்நிகழ்வை வெறும் 'மாட்டுவண்டிப் பயணம்' என்றே எழுதிவிடுகின்றன. வில் உதிர்ந்துவிடுகிறது. பார வண்டியை ஓட்டிச் செல்லும் புலையரை அவருடைய காலத்து ஆதிக்கச் சாதியினர் வேலைக்காரராகக் கண்டு ஒருவேளை பொறுத்திருக்கலாம். சுமப்பவராக எதிர்பார்க்கப்பட்டவர், சுமக்கப்படுபவராக எஃகு வில்லின்மேல் அமர்ந்து வந்ததே அவர்களால் தாங்க முடியாததாயிற்று என்று நான் வாசிக்கிறேன். மொழிபெயர்ப்பில் ஓர் அடைமொழியை விடுவது இங்கே வாதத்தையே விடுவதாகிறது.

காற்று பின்னர் வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலும், டன்லப் 1888இலும் அதைச் சக்கரத்தில் அடைத்தனர். நம் ஊர்களில் டயர் வண்டி வந்தபின்தான் மாட்டுவண்டிப் பாரம் முதன்முதலாகக் காற்றின்மேல் உருண்டது. காற்றை வில்லாக்கும் முயற்சியில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1930களில் இறங்கியது. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் பேருந்துகளில் அது இடம்பெற்றது. இந்தியப் பயணிகள் 2001இல் வந்த வால்வோ பேருந்துகளில் அதைப் பரவலாக உணர்ந்தனர். இங்கும் அமர்பவருக்கே முதலில் கிடைத்திருக்கிறது, பாரத்துக்குப் பிறகு.

எல்லைக் கிராமங்களில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் வண்டிகள் இன்று பாறசாலையின் கேஎல்-19 எண்ணிலும் மார்த்தாண்டத்தின் டிஎன்-75 எண்ணிலும் ஓடக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ இருபுறமும் ஒன்றுதான். தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த வழக்கு கேரளத்திலிருந்து சென்றதே. பை எதுவாயினும், பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை அப்படியேதான் இருக்கும். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். எடை தமக்குத் தெரியும், கூடுதலாக ஏற்றுவதில்லை, இரவில் எதிரே வருபவர் ஏசுவதுதான் பிரச்சினை என்றார்.

பழைய வில்வண்டியின் பட்டையோ அளவோ, அதைச் செய்த கொல்லுப்பட்டறையின் கணக்கோ, எல்லையின் எப்பக்கத்திலாவது யாருடைய வீட்டிலேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். எத்தனை பட்டை, என்ன கனம் என்பது தெரிந்தால்கூடப் போதும்.