நானூற்று நாற்பது சுற்றுகள்

1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை வந்தது. உயர்தர ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்கான வடிவமைப்பு என்பதற்கு மேல் தலைப்பில் கவர்ச்சி எதுவும் கிடையாது. எழுதியவர் எடின்பரோவில் பிறந்த டி.டி.என். வில்லியம்சன். வயது இருபத்து நான்கு. மார்க்கோனி-ஓஸ்ராம் வால்வு கம்பெனியில் வேலை பார்த்தபோது வடிவமைத்த ஒரு ஆம்ப்ளிஃபையரை, யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளும்படி முழுவதுமாக எழுதியிருந்தார். 15 வாட் சக்தி, ஒலிச்சிதைவு 0.1 சதவீதம்.

அந்தக் கட்டுரையில் என் கண்ணுக்கு மிக முக்கியமாகப் படுவது மின்சுற்று வரைபடம் இல்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிய பகுதிதான். பிரைமரியைப் பத்துப் பிரிவுகளாகப் பிரித்துச் சுற்று, ஒவ்வொன்றிலும் 440 சுற்று, இன்ன தடிமன் கம்பி, இடையில் இன்ன காகிதம் என்று ஒரு சமையல் குறிப்பு மாதிரி போகிறது அது. இவ்வளவு தூரம் இறங்கி வந்து சொல்ல என்ன அவசியம்? வீட்டிலேயே ஹை-ஃபை செய்துகொள்ளும் பழக்கத்தின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

முதலில் காலத்தைப் பார்க்கலாம். போர் முடிந்து இரண்டு வருஷம். பிரிட்டனில் ரேஷன் இன்னும் நீங்கவில்லை. ஆனால் ராணுவத்தில் ரேடியோவும் ரேடாரும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பியிருந்தார்கள். ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய வால்வுகளும் கண்டென்சர்களும் மலிவாகக் கடைகளில் குவிந்தன. இன்னொரு பக்கம், நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைப் பிரித்தறியப் பயிற்சி தருவதற்காகப் போர்க்காலத்தில் செய்த வேலையிலிருந்து, டெக்கா நிறுவனம் தன் புதிய ஒலிப்பதிவு முறையை உருவாக்கி இசைத்தட்டுகளாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. தட்டில் வயலினின் மேல் ஸ்தாயி இருக்கிறது, வீட்டு ரேடியோகிராமில் அது கேட்கவில்லை. ஆளும் பொருளும் தேவையும் ஒன்றாகச் சேர்ந்த நேரம். குறைவு ஒன்றுதான்: நம்பிக் கட்டக்கூடிய ஒரு வடிவமைப்பு.

நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் அதற்கு முன்பே இருந்தன. லீக் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1945லேயே 0.1 சதவீதச் சிதைவு கொண்ட ஒன்றை விற்றது. அதன் பெயரே ‘பாயின்ட் ஒன்’. இதெல்லாம் சாத்தியமானதற்கு இருபது வருஷம் முந்தைய ஒரு படகுப் பயணம் காரணம். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைதூர டெலிஃபோன் ஆம்ப்ளிஃபையர்களின் சிதைவை எப்படிக் குறைப்பது என்பது அவருடைய நெடுநாள் தலைவலி. படகிலேயே விடை கிடைத்தது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்தார். அதுதான் எதிர்ப் பின்னூட்டம். 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது.

விஷயம் இவ்வளவுதான். வெளியே வரும் ஒலிக்குறிப்பின் ஒரு சிறு பங்கை உள்ளே வருவதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் தன் தவறைத் தானே கழித்துக்கொள்ளும். பெருக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ள சம்மதித்தால், சிதைவும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். பொறியியல் கல்லூரியில் இதை ஒரு வரிச் சூத்திரமாகப் படித்தோம். அதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஊஞ்சலை நிறுத்த எதிர்ப்பக்கம் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவது அரைச் சுற்று தாமதமானால் ஊஞ்சல் இன்னும் வேகமாக ஆடும். பின்னூட்டமும் அப்படியே. திருப்பி அனுப்பிய குறிப்பு தாமதமாக வந்தால், தவறைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ‘கூ’ என்று ஊளையிடுமே, அதே கதை. வால்வு ஆம்ப்ளிஃபையரில் இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ சில ஓம்கள்தான். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் முடியாது. கீழ் ஸ்தாயி நன்றாக வரக் கம்பியை நிறையச் சுற்ற வேண்டும். நிறையச் சுற்றினால் மேல் ஸ்தாயி கெடும், தாமதம் கூடும்.

வில்லியம்சன் டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி 20 டெசிபெல் பின்னூட்டம் கொடுத்தார். அதாவது பெருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் துறந்தார். அது ஊளையிடாமல் இருக்க வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மர் அசாதாரணமாக நன்றாக இருக்க வேண்டும். பிரைமரியையும் செகண்டரியையும் துண்டு துண்டாக்கி, கதம்பத்தில் மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுப்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றச் சொன்னது அதனால்தான். அந்த 440 என்ற எண் இல்லாமல் வரைபடத்தை மட்டும் வெளியிட்டிருந்தால், கட்டியவர்கள் வீட்டில் பாட்டு கேட்டிருக்காது, விசில் கேட்டிருக்கும்.

கட்டுரை கடல் தாண்டியது. 1949 நவம்பரில் அமெரிக்காவின் ‘ஆடியோ எஞ்சினியரிங்’ இதழில் டேவிட் சார்சர், மெல்வின் ஸ்பிரிங்கிள் என்ற இருவர் அதை அமெரிக்காவில் கிடைக்கும் 807 வால்வுகளுக்கு மாற்றி எழுதினார்கள். இதில் சார்சர், டோஸ்கனினி நடத்திய என்.பி.சி. சிம்ஃபனி இசைக்குழுவின் வயலின் கலைஞர்! மிலிட்டரி உபரிப் பாகங்களை வைத்து 1947இல் 39.50 டாலருக்கு ஆசிலோஸ்கோப் கிட் விற்கத் தொடங்கியிருந்த ஹீத்கிட், வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையரையும் கிட்டாக விற்றது. 1951இல் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதல் இணைப்பு எடுக்கும் ‘அல்ட்ரா-லீனியர்’ முறையை முன்வைத்தார்கள். அதே ஹாஃப்லரின் டைனாக்கோ நிறுவனம் 1959இல் ‘ஸ்டீரியோ 70’ கிட்டைக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் சாப்பாட்டு மேஜை மேல் சால்டர் புகை எழுந்தது.

வில்லியம்சன் வடிவமைப்பு குறையில்லாதது அல்ல. அதன் நிலைத்தன்மை விளிம்பில்தான் நின்றது. சொன்ன தரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் ஊளையிடத் தயாராக இருந்தது. நார்மன் கிரௌஹர்ஸ்ட் போன்றவர்கள் இதை அச்சிலேயே சுட்டிக்காட்டினார்கள். வில்லியம்சனும் சும்மா இருக்கவில்லை. 1949இல் திருத்திய வடிவத்தை வெளியிட்டார். 1952இல் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கரோடு சேர்ந்து, அமெரிக்காவிலிருந்து வந்த ‘மேம்படுத்திவிட்டோம்’ என்ற அறிவிப்புகளைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருள் ஆட்களுக்கு இது பழகிய காட்சி. ஒருவர் நிரலை வெளியிடுவார், இன்னொருவர் பிழை சொல்வார், மூன்றாமவர் கிளை பிரிப்பார், முதலாமவர் திருத்துவார். திறந்த மூலம் என்ற சொல் பிறக்க இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது.

ஸ்பீக்கர் பக்கம் கதை வேறு. அங்கே நெடுங்காலம் கைப்பக்குவம்தான் ஆட்சி. யார்க்‌ஷயரின் ஜவுளித் தொழிலில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். அதுதான் வார்ஃப்டேல் நிறுவனம். 1948இல் ஸ்பீக்கர்கள் பற்றி எல்லாருக்கும் புரிகிற மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். மரப்பெட்டி தானும் சேர்ந்து அதிர்ந்து பாடக் கூடாது என்பதற்காகச் செங்கல்லில் கட்டச் சொன்னார், இரண்டு பலகைக்கு நடுவே மணல் நிரப்பச் சொன்னார். 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையில் ஆளை வாசிக்கவைத்து, பக்கத்திலேயே பதிவையும் ஒலிக்கவிட்டு, நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஆனாலும் இந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, ஓட்டை எத்தனை அகலம் என்று கேட்டால், அறுத்துப் பார், கேட்டுப் பார் என்பதுதான் பதில். இதை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல். ஓட்டை வைத்த பெட்டியை ஒரு மின் வடிகட்டிபோல் கணக்கிடலாம் என்று 1961இல் காட்டினார். உள்ளூர் ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரை 1971இல் அமெரிக்காவில் மறுபதிப்பானபோதுதான் உலகம் கவனித்தது. சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு எண், அதன் மீள்தன்மைக்குச் சமமான காற்றின் கொள்ளளவு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற எண் — மூன்றும் தெரிந்தால் மரம் அறுப்பதற்கு முன்பே பெட்டி எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம். இந்த மூன்றையும் ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் வைத்து வீட்டிலேயே அளக்கலாம். தச்சனும் கணிதமும் கைகுலுக்கிய இடம் இது.

இதையெல்லாம் தியாகமாகப் பார்க்க வேண்டியதில்லை. வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையரில் இருந்த கே.டி.66 வால்வை விற்றது அவருடைய கம்பெனிதான். 1950களில் முல்லார்ட் நிறுவனம் ‘5-10’, ‘5-20’ என்ற மின்சுற்றுகளை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட். ஐந்து வால்வு, இருபது வாட். அவர்களுக்கும் வால்வு விற்க வேண்டும். குறிப்பை இலவசமாகக் கொடுத்து மளிகையை விற்பது லாபகரமாக இருந்தவரை அறிவு திறந்திருந்தது. கட்டி முடித்த பெட்டியை விற்பது அதைவிட லாபம் என்றானபோது கிட்களின் காலம் முடியத் தொடங்கியது. 1992இல் ஹீத்கிட் கிட் வியாபாரத்தையே கைவிட்டது. கடையில் வாங்குவது செய்வதைவிட மலிவு என்றால் யார்தான் செய்வார்கள்?

அந்தப் பெட்டிகள் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சரிபார்க்கிறவர்கள் குறைந்த இடத்தில் கதை விற்பனைக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் ஸ்பீக்கர் ஒயருக்கு ஒரு மாதச் சம்பளம் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால், உங்கள் காதுக்குத் தெரியும் என்கிறார்கள். 1969 ஏப்ரலில் ஜான் லின்ஸ்லி ஹூட் அதே ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் நான்கே டிரான்சிஸ்டரில் 10 வாட் கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டபோது, தன்னுடையதை ஒரு வில்லியம்சனோடு சேர்த்துக் கேட்டு ஒப்பிட்டார். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அது அளவுகோலாக இருந்தது, காரணம் அதில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

நம்ம ஊருக்கும் இந்தப் பரம்பரையில் பங்கு உண்டு. ஆம்ப்ளிஃபையரில் பேஸ், டிரெபிள் என்று இரண்டு குமிழ் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பீட்டர் பாக்ஸண்டால் 1952 அக்டோபரில் அதே பத்திரிகையில் வெளியிட்ட மின்சுற்றின் ஏதோ ஒரு வாரிசு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் சாப்பாட்டுக் காசுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் போர்டு கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் எல்.எம்.3886 போன்ற ஒற்றைச் சில்லு. முறையாகக் கட்டினால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 68 வாட், சிதைவு வில்லியம்சனுடையதைவிடக் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற வேண்டியதில்லை. பெட்டியின் கணக்கைப் போட இலவச மென்பொருள் இருக்கிறது, வெளிவரும் ஒலியை அளக்க ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும்.

அந்தச் சில்லுக்கான தகவல் தாளில் ஒரு வரி உண்டு: பின்னூட்டத்தோடு சேர்ந்த பெருக்கம் பத்துக்குக் கீழே போகக் கூடாது, போனால் நிலைத்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை. பின்னூட்டத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஊளையிடும் என்று அர்த்தம். போர்டை வாங்கி ஒயரை மாட்டுகிறவருக்கு அந்த வரி தேவைப்படாது. பெருக்கம் ஏன் பத்து என்று கேட்டு, தாளைப் புரட்டி, ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் பார்க்கிறவருக்கு அது தேவைப்படும். 440 சுற்று என்று எழுதியது அவரை நினைத்துத்தான்.