தேயிலைப் பெட்டி போன வழி



இலக்கியம் பேசும் இந்த நேரத்தில் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களிற் சிலர் வியப்படையக் கூடும். மலையகத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்றும் கேட்கக் கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தைச் சொல்வதற்கு முன்னர் என்னுடைய தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்திருந்தும் பல்கலைக்கழகம் செல்லப் புள்ளிகள் போதவில்லை. "சேர், ஹாபர்ல சாமான் ஏத்தி எறக்குற வேலைக்கு ஆரம்பப் பயிற்சி ஒன்னு இருக்கு. போகட்டுமா?" என்று கேட்டான். நான் சிறிதும் யோசிக்காமல், "மூட்டை தூக்கவாடா இவ்வளவு நாளும் தமிழ் படிச்ச?" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. ஊற்றிக் கொடுத்த தேநீரை முழுவதும் குடிக்காமலே எழுந்து போனான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் இகழ்ந்து பேசிய அந்த மூட்டையைத் தூக்கியவர்களின் வீட்டுப் பிள்ளைதானே நான் என்ற எண்ணம் உறுத்தியது.

என்னுடைய தாத்தா தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்தவர். ஒட்டுப்பலகைகளைத் தகரப் பட்டி வைத்துப் பொருத்தி, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ விரித்து, தூள் நிரப்பி, மூடி அறைந்து, அச்சுத் தகட்டை வைத்துக் கறுப்பு மை தடவுவார்கள். தோட்டத்தின் பெயர், தூளின் தரம், நிறை, இலக்கம் எல்லாம் பெட்டியில் விழும். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாம் அடித்த பெட்டியில் எந்த எழுத்து எந்த இடத்தில் வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெட்டி கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போகிறது என்பதற்கு மேல் அதன் பயணத்தைப் பற்றி அவர் அறியமாட்டார்.

அதன் பயணம் எப்படித் தொடங்கியது? 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873 இல் இலண்டனுக்குப் போன முதலாவது இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகே தேயிலை மலை முழுவதும் பரவியது. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. 1884 இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது; 1885 இல் நானுஓயாவை எட்டியது. கொழும்பில் 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதாங்கிச் சுவரும் ஏறத்தாழ அதே காலத்திலேயே நிறைவு பெற்றது. மலையில் பாதை, நகரத்தில் சந்தை, கடலில் அடைக்கலம் ஆகிய மூன்றும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. நானுஓயாவில் ஏற்றிய பெட்டி இலண்டனில் இறங்குவதற்கு இடையிலிருந்த தடைகளெல்லாம் நீங்கின.

எல்லாத் தடையும் நீங்கியது என்று சொன்னாலும், பெட்டி தானாக நடந்து கப்பலேறவில்லை. அக்காலத்துக் கொழும்பில் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்தின் நடுவே மிதவைகளிற் கட்டப்பட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கைப் பாரப்படகுகளில் ஏற்றிக்கொண்டு போய், கப்பலோரத்தில் நிறுத்தி, கயிற்றில் மாட்டி மேலே தூக்கி, கப்பலின் வயிற்றுக்குள் இறக்கி அடுக்க வேண்டும். கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கும் எலிசபெத் மகாராணி இறங்குதுறை 1954 இலேயே திறக்கப்பட்டது. அதுவரை ஒவ்வொரு பெட்டியும் எத்தனையோ தோள்களைக் கடந்தே கடல் தாண்டியது.

அந்தத் தோள்களிற் பல இந்தியாவிலிருந்து வந்தவை. தமிழகத்தவரும் மலையாளத்தவரும் சிங்களத் தொழிலாளரோடு சேர்ந்து அங்கு உழைத்தனர். தோட்டத்தில் ஆள் சேர்த்த கங்காணி முறை துறைமுகத்திலும் இருந்தது. கங்காணி கைகாட்டியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்கு இல்லை. வேலை பழக்குவதென்று தனியாக ஒன்றும் கிடையாது. பழையவன் செய்வதைப் பார்த்துப் புதியவன் செய்வான். தவறு செய்தால் உடம்பு சொல்லிக்கொடுக்கும்.

தோட்டமும் துறைமுகமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை நன்கு அறிந்தவர் கோ. நடேசய்யர். பத்திரிகையாளராகிய அவர் 1920களில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1927 இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தது அந்த இயக்கத்தின் காலத்திலேதான். பின்னர் இருவருக்குமிடையே பிளவு ஏற்பட்டது. பொருளாதார மந்தம் வந்த காலத்தில் கொழும்பில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல்கள் எழுந்தன. நடேசய்யர் மலையேறினார். 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை நிறுவினார். பெட்டி இறங்கிப் போன அதே வழியால் தொழிற்சங்கம் ஏறி வந்தது எனலாம்.

என் தாத்தாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, 1940களின் பிற்பகுதியிலே தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போய்த் துறைமுக வேலையில் சேர்ந்தார். மூன்று வருடம்கூட ஆகவில்லை. பெட்டிகளைத் தூக்கிய கயிறு ஒருநாள் அறுந்தது. கீழே நின்றவர் அவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிற்று. லயத்துக்குத் திரும்பி வந்து, எஞ்சிய காலமெல்லாம் கம்பு ஊன்றியே நடந்தார். சிறுவயதில் நான் காரணம் கேட்டபோதெல்லாம், "கயிறு அறுந்துச்சு, என் தலவிதி" என்பதே அவர் சொன்ன பதில். விழுந்தவை தேயிலைப் பெட்டிகள் என்பதை மட்டும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

இதற்கிடையில் நாட்டின் சட்டங்கள் மாறின. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1958 இல் துறைமுகச் சரக்கு வேலைகள் தனியார் கம்பனிகளிடமிருந்து துறைமுக சரக்குக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. தொழிலாளருக்கு நிரந்தரமான வேலை கிடைக்கக்கூடிய நல்ல மாற்றந்தான் அது. ஆனால் அரச வேலையின் வாசலில் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கப்படும். சின்னத் தாத்தாவின் மகனிடம் அது இருக்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கொழும்புத் துறைமுகத்தை ஒருநாளும் பார்த்திராத எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னார் இறங்குதுறையை மட்டும் பார்த்தன. அங்கே அவர்களே சரக்கானார்கள்.

கடலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1956 இல் அமெரிக்காவில் மல்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். கொள்கலன் யுகம் அப்படித் தொடங்கியது. நூற்றுக்கணக்கான தோள்கள் நாட்கணக்கிற் செய்த வேலையை ஒரு பாரந்தூக்கி சில மணித்தியாலங்களில் முடித்தது. இதனால் தொழிலாளருக்கு நேரக்கூடியதை எண்ணியே சர்வதேச தொழில் தாபனம் 1973 இல் துறைமுக வேலை பற்றிய சமவாயத்தையும், 1979 இல் அந்த வேலையின் பாதுகாப்புப் பற்றிய சமவாயத்தையும் நிறைவேற்றியது. 1979 இலேயே இலங்கைத் துறைமுக அதிகாரசபை உருவாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் ஜயா கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. தாத்தா அடித்த பலகைப் பெட்டியும் காலப்போக்கில் மறைந்து, பல மடிப்புக் காகிதப் பைகள் வந்தன. 2018 இல் கொழும்பு கையாண்ட கொள்கலன்களின் தொகை, இருபது அடிப் பெட்டிக் கணக்கில், முதற்தடவையாக 70 இலட்சத்தைத் தாண்டியது.

தோள் பலத்தின் வேலை அறிவின் வேலையாக மாறிவிட்டது. அதை எனக்கு உணர்த்தியவன், நான் இகழ்ந்து அனுப்பிய அதே மாணவன்.

என் சொல்லைக் கேளாமல் அவன் பயிற்சிக்குப் போயிருந்தான். சில மாதங்களின் பின் ஒரு விடுமுறையில் வந்தான். நான் வெட்கத்தை மறைத்துக்கொண்டு, "அங்க என்னதான் சொல்லித் தராங்க?" என்று கேட்டேன். பாரந்தூக்கிக் காரனுக்குக் காட்டும் கைச்சைகைகள், ஒவ்வொரு கருவியிலும் பொறித்திருக்கும் பாதுகாப்பான பார எல்லை, காற்றோட்டமில்லாத கப்பலறைக்குள் பரிசோதிக்காமல் இறங்கக் கூடாது என்ற விதி, அபாயகரமான பொருட்களின் ஒன்பது வகுப்புகளும் அவற்றின் அடையாளங்களும் என்று அடுக்கிக்கொண்டே போனான். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்ததையும், அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதன் கொள்கலன் ஒன்றில் நைத்திரிக் அமிலம் கசிந்திருந்ததையும் சொன்னான். ஒரு பெட்டியிலிருந்து வந்த கசிவு எத்தனை மீனவ வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதை நாம் அறிவோம்.

பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தான். ஒரு பாரம், அதைத் தூக்கும் கயிற்றுக்கு இரண்டு கால்கள். "சேர், 1000 கிலோ பாரம்னு வைங்க. ரெண்டு காலும் நேரா நின்னா ஆளுக்கு 500. நடுவுல 90 பாகை விரிஞ்சா ஒவ்வொரு காலுக்கும் 707. 120 பாகை விரிஞ்சா ஒவ்வொரு காலும் முழு 1000த்தையும் தாங்கணும். பாரம் கூடல சேர், கயிறு விரிஞ்சதுதான். அதுலயே அறுந்துடும். முதல் வாரமே இதைத்தான் சொல்லித் தந்தாங்க."

அந்தத் தாளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் தாத்தாவின் கயிறு எதனால் அறுந்தது என்று இனி யாராலும் அறிய முடியாது. பழைய கயிறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் விதி என்று பெயரிட்டு வைத்திருந்தது, ஒருவேளை முதல் வாரத்தில் அரைமணி நேரத்திற் சொல்லித் தரக்கூடிய ஒரு பாடமாக இருந்திருக்கலாம். அதைச் சொல்லித் தர அவருடைய காலத்தில் எவரும் இருக்கவில்லை. சொல்லித் தர ஆள் இருக்கும் காலத்தில் போகாதே என்று தடுத்தவன், ஆசிரியனாகிய நான்.

நேயர்களே, இன்று வாசல்கள் முன்னரைப் போல் மூடியிருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. தொழிற்கல்விக்கென 1990 இல் ஆணைக்குழுவும் 1995 இல் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் சட்டத்தால் அமைந்தன. தேசிய தொழிற்தகைமை என்ற படிவரிசையும் வந்திருக்கிறது. துறைமுக அதிகாரசபைக்கு மகாபொல என்ற பெயரிற் பயிற்சி நிறுவனம் உண்டு. இவற்றைப் பற்றி நம் பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? தேயிலை பிற வாசனையை உடனே பற்றிக்கொள்ளும். ஈரம் பட்டால் கெடும். ஆகையால் அதை ஏற்றும் கொள்கலன் உலர்ந்ததாகவும் மணமற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே ஒரு பாடம். நம் பிள்ளைக்கு அது தாய் வீட்டுச் செய்தி.

தமிழாசிரியருக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அந்த மாணவனும் நானும் ஒரு கொப்பியில் அவன் படித்த சொற்களுக்குத் தமிழ் எழுதி வருகிறோம். பாரந்தூக்கி, தூக்குக் கயிறு, கைச்சைகை, பார எல்லை. சில சொற்கள் சரியாக அமைகின்றன. சிலவற்றை அவன், "இப்படிச் சொன்னா அங்க ஒருத்தருக்கும் வெளங்காது சேர்" என்று அடித்துவிடுகிறான். இதுவரை ஏறக்குறைய நாற்பது சொற்கள் தேறியிருக்கின்றன. அவனுக்குப் பின்னால் அவன் தோட்டத்திலிருந்து இன்னும் இருவர் பயிற்சிக்குப் போக இருக்கிறார்கள். கொப்பி அவர்களுக்கு.

உயர்தர வகுப்பில் பட்டினப்பாலையைச் சொல்லும்போது காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் பொதிகள் மலையெனக் குவிந்ததையும், சோழனின் புலி முத்திரை அவற்றிற் பொறிக்கப்பட்டதையும் நான் விரிவாகவே விளக்குவேன். புலியைப் பொறித்தது போலத்தான் என் தாத்தாவும் தோட்டத்தின் பெயரைப் பொறித்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பொதிகளைக் கப்பலிலிருந்து இறக்கியவர் யார், அவருக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியை எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. வரும் தவணையிற் கேட்க இருக்கிறேன்.