பசுமை எஃகு

பசுமை எஃகு: உற்பத்தியின்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு, வரையறுக்கப்பட்ட அளவுக்குள் அடங்கும் எஃகு. இந்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஒரு டன் எஃகுக்கு உமிழ்வு 2.2 டன்னுக்குக் குறைந்தால் அது பசுமை எஃகு, 1.6 டன்னுக்கும் கீழே சென்றால் ஐந்து நட்சத்திரத் தரம்.

உமிழ்வின் பெரும்பகுதி ஊது உலையில் எழுகிறது. அங்கு நிலக்கரியிலிருந்து பெறும் கோக், எரிபொருளாக மட்டுமன்றித் தாதுவின் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வினைபொருளாகவும் செயல்படுவதால், எரிபொருள் சிக்கனம் ஒன்றே தீர்வாகாது. கோக்குக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தினால் நீராவியே வெளியேறும். சுவீடனின் ஹைபிரிட் திட்டம் 2021இல் இம்முறையில் கடற்பஞ்சு இரும்பு உற்பத்தி செய்தது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குவது இன்று எளிதில் கைகூடும் வழி. சேலம் உருக்காலையில் 2010இல் இத்தகைய உலை அமைந்தது.

மின்வில் உலையின் உமிழ்வு, அதற்கு வரும் மின்சாரத்தைப் பொறுத்தது; காற்றாலை மின்சாரமானால் அது குறையும். இங்குதான் தென்காசி மாவட்டம் முக்கியத்துவம் பெறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்றால் பண்பொழிக்குக் கிழக்கே ஆய்க்குடி, சுரண்டை வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியுள்ளன. இக்காற்று மே முதல் செப்டம்பர் வரையே வலுவாக வீசும். உலைகளுக்கோ ஆண்டு முழுதும் மின்சாரம் தேவை.