வார்ப்பும் வடிவும்

கல்விச்சாலை என்பது, ஒரு சாரார் எதிர்பார்ப்புக்கு இணங்க இளைஞரை உருவாக்கும் பட்டறை. ஆயின், அதனுள் நுழைவோரின் எதிர்பார்ப்பு அப்பட்டறையையே உருமாற்றி விடுவதும் உண்டு. இவ்விரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே தெளிவாகக் காணலாம்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். சுதேச போதகரை உருவாக்குதலே அவர்தம் முதன்மையான நோக்கம். அதற்கென ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வான நூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி புரிந்தோர் விரும்பிய பெயர்களையே மாணவர்க்கு இட்டு வழங்கும் வழக்கமும் இருந்தது. பெயர் முதற்கொண்டே வார்ப்பு தொடங்கிற்று எனலாம்.

பெற்றோர் எதிர்பார்த்ததோ வேறு. ஆங்கிலம் கற்றார்க்கு அரசாங்க உத்தியோகம் கிட்டும் காலம் அது. பிள்ளைகள் கற்றனர், கற்றபின் கச்சேரிகளையும் பிற உத்தியோகங்களையும் நாடினர். சமயம் பரப்ப எழுந்த கலாசாலை உத்தியோகத்துக்கு வாயிலாய் முடிந்தமை கண்டு, மிஷன் மேலிடம் 1855 இல் அதனை மூடிற்று. ஆயினும் அது விளைத்த பயன் பெரிது. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். முன்னவர் சைவராய்த் திரும்பி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுலகின் நன்றிக்கு உரியவரானார். எவரும் எதிர்பாராத வடிவம் இது!

நல்லூர் ஆறுமுக நாவலர் வரலாறு இன்னும் நுட்பமானது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். 1847 டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார். பின் அச்சுயந்திரம் நிறுவிப் பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் வெளியிட்டார். வாரந்தோறும் பிரசங்கம், வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல் என்பன மிஷன் பாடசாலைகளில் அவர் கண்ட முறைகள். வினாவிடையோ நமக்குப் புதிதன்று; உண்மை விளக்கம் மாணாக்கன் வினாவ ஆசிரியன் விடையிறுப்பதாகவே அமைந்தது. புதியதையும் பழையதையும் கூட்டித் தம் நோக்கத்துக்கு ஏற்றபடி அமைத்தமையே நாவலர் பெருமானின் திறம்.

எனினும் கருவியைக் கைக்கொள்வோரைக் கருவியும் பற்றிக்கொள்ளும். சைவப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வேண்டுமென்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. 1872 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. அதற்கு முன்னோடியாகிய பள்ளியை நடத்திய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியில் வார்க்கப்பட்டவரே. சைவச் சூழலைக் காத்த அக்கல்லூரியும் பரீட்சையையும் உத்தியோகத்தையும் புறக்கணிக்க முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளின் முன் செமினரியை வளைத்த அதே விருப்பம், இந்துக் கல்லூரியின் வாயிலிலும் வந்து நின்றது.

1960 ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. முகாமை மாறிற்று, பெற்றோர் எதிர்பார்ப்பு மாறவில்லை. இன்றும் பரீட்சைப் பெறுபேறே பாடசாலையை அளக்கும் கோல். சமய பாடமும் புள்ளிக்கெனவே படிக்கப்படுகின்றது.

இளைஞர்காள்! பிறர் எதிர்பார்ப்புக்குச் சிறிதும் இணங்காது வாழ்தல் எவர்க்கும் இயலாது. நாவலரும் அச்சையும் வகுப்பையும் ஒதுக்கினாரல்லர். ஆனால் அவை எதன்பொருட்டு என்பதைத் தாமே துணிந்தார். நமது சங்கங்களும் ஆண்டுதோறும் விழா எடுப்பதோடு அமையாது, யாருடைய எதிர்பார்ப்புக்காக நாம் இயங்குகின்றோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். வார்ப்பு பிறரதாயினும், அதில் வார்க்கும் பொருளைத் தெரியும் உரிமை நம்மதே.