வளைவு மட்டும் மிச்சம்

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து மலையேறப் போகும் வழியில், சாலையோரமாக ஒரு பழைய வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல். மலையேறும் அவசரத்தில் பலர் கவனிப்பதே இல்லை. கவனிக்கிறவர்களும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே இருந்த ஸ்டூடியோ எப்போதோ போயாச்சு.

ஒரு காலத்தில் அங்கே என்னவெல்லாம் நடந்தது தெரியுமா?

திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நூற்பாலை வைப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ 1935-ல் சினிமா ஆலை வைத்தார்! ஆலை என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்ப்படம் எடுக்கப் பெரும்பாலும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. சுந்தரம் மொத்த வேலையையும் சேலத்துக்கே கொண்டுவந்தார். மாதச் சம்பளம், கறாரான நேரம்.

1938-ல் 'பாலன்'. மலையாளத்தின் முதல் பேசும் படம். தயாரித்தது நம்ம சேலம்! 1950-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி'. வசனம் மு. கருணாநிதி. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சுந்தரம் 1963-ல் காலமானார். அவருக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் நடத்தினார். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

சரி, இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. முதலாளி பெயர் இருக்கிறது. நட்சத்திரங்கள் பெயர் இருக்கிறது. அலிபாபாவின் குகைக்குப் பலகை அடித்த தச்சர் யார்? துணிமணி தைத்த டெய்லர் யார்? உச்சிவெயிலில் ரிஃப்ளெக்டர் பிடித்தவர் யார்? நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தைத் தமிழில் பேரேடு என்பார்கள். இந்தப் பேரேட்டில் முக்கால்வாசிப் பேரைக் காணோம்!

படத்தைப் போட்டுப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாமே என்கிறீர்களா? 'பாலன்' படத்தின் பிரதியே இன்று இல்லை. அந்தக்கால பிலிம் நைட்ரேட்டில் செய்தது. சட்டென்று தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் நம் ஊர் வெக்கையில் தானாகவே சிதையும். போதாக்குறைக்கு பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த பிரதிகளை நாடெங்கும் வெள்ளிக்காகவே அழித்தார்கள். கொலுசு ஊரான சேலத்துக்கு வெள்ளியின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிலிமின் மதிப்புதான் யாருக்கும் உறைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஜப்பானைப் பாருங்கள். 1980-களில் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் டி.வி. முன்னால் உட்காரவைத்த வீடியோ கேம்கள் அங்கேதான் பிறந்தன. ஆனால், உருவாக்கியவர்கள் பலரின் நிஜப்பெயர் திரையில் வராது. போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமே என்ற பயம்! அதனால் புனைபெயர்தான். அப்புறம் ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் வாசகர்களிடமே பணம் திரட்டினார். ஜப்பானுக்குப் போய் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். 2014-ல் அது புத்தகமாக வந்தது.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். யாரும் கேட்காமலே ஸ்டில்களையும் தகவல்களையும் பல பத்தாண்டுகள் சேர்த்தார். 2004-ல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைத் தடிமனான புத்தகமாக்கினார். 2016-ல் அவரும் போய்விட்டார்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1965-ல் இருபது வயதில் அந்த வளைவுக்குள் வேலைக்குப் போனவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். சேலத்திலோ ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் தாத்தாவாகவேகூட இருக்கலாம். பக்கத்தில் உட்காருங்கள். "அங்க என்ன வேலை பார்த்தீங்க? கூட யார் யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், எழுதிவையுங்கள்.

வளைவு பேசாது. தாத்தா பேசுவார். இன்னும் கொஞ்ச நாளைக்கு.