பென்னாகரம்: யாருடைய கோட்டையும் அல்லாத ஒரு தொகுதி

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள் உள்ளன. அவற்றில் ஓர் இடத்திற்கு உறுப்பினரை அனுப்பும் தொகுதி பென்னாகரம். தருமபுரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காடும் மலையும் வானம் பார்த்த பூமியும் சேர்ந்த தொகுதி இது. காவிரி தமிழகத்திற்குள் இறங்கும் ஒகேனக்கல் இதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் இங்குள்ள மக்கள் பல தலைமுறைகளாகக் குடிநீருக்குத் தவித்தவர்கள். பிழைப்பு தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்பவர்கள் இங்கு ஏராளம்.

தேர்தல் காலம் வந்தால் பத்திரிகைகள் பென்னாகரத்தை "பா.ம.க.வின் கோட்டை" என்று எழுதுவது வழக்கம். வன்னியர் சமூகத்தினர் அதிகமாக வாழும் தொகுதி என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பெயர் இத்தொகுதிக்குப் பொருந்துமா என்பதை 1996 முதல் 2021 வரையிலான தேர்தல் வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம்.

ஏழு தேர்தல்கள்

இந்தக் கால் நூற்றாண்டில் பென்னாகரம் ஆறு பொதுத்தேர்தல்களையும் ஓர் இடைத்தேர்தலையும் சந்தித்தது.

1996 – ஜி.கே.மணி (பா.ம.க.)
2001 – ஜி.கே.மணி (பா.ம.க.)
2006 – பி.என்.பெரியண்ணன் (தி.மு.க.)
2010 இடைத்தேர்தல் – பி.என்.பி.இன்பசேகரன் (தி.மு.க.)
2011 – என்.நஞ்சப்பன் (இந்தியக் கம்யூனிஸ்ட்)
2016 – பி.என்.பி.இன்பசேகரன் (தி.மு.க.)
2021 – ஜி.கே.மணி (பா.ம.க.)

பா.ம.க. மூன்று முறை, தி.மு.க. மூன்று முறை, இந்தியக் கம்யூனிஸ்ட் ஒரு முறை. இரட்டை இலைச் சின்னம் ஒரு முறைகூட வெல்லவில்லை. ஆனால் 2001, 2011, 2021 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்றவர்கள் அ.தி.மு.க. கூட்டணியில் நின்றவர்கள். அதாவது, அ.தி.மு.க. தானே நிற்காமல் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக் கொடுத்தபோதெல்லாம் அந்தக் கட்சி இங்கே வெற்றி பெற்றது.

பா.ம.க.வின் மூன்று வெற்றிகளில் இரண்டு பெரிய கழகங்களின் துணையும் இல்லாமல் கிடைத்தது 1996 வெற்றி மட்டுமே. தமிழகம் முழுவதும் தி.மு.க.–த.மா.கா. அலை வீசிய ஆண்டு அது. அந்த அலையிலும் பா.ம.க. நான்கு இடங்களைப் பிடித்தது. அவற்றில் ஒன்று பென்னாகரம். "கோட்டை" என்ற பெயர் வலுப்பெற்றதற்கு அந்த வெற்றி ஒரு முக்கியக் காரணம்.

2006-ல் பா.ம.க. தி.மு.க. கூட்டணியில் இருந்தது. பென்னாகரம் தி.மு.க.வுக்கு ஒதுக்கப்பட்டதால் ஜி.கே.மணி மேட்டூருக்குப் போய் நின்று வென்றார். பென்னாகரத்தில் பெரியண்ணன் வென்றார்.

மகன்கள் மோதிய இடைத்தேர்தல்

2009-ல் பெரியண்ணன் காலமானார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன்படி, ஓர் இடம் காலியானால் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். முதலில் 2010 ஜனவரியில் நடப்பதாக இருந்த தேர்தல் பின்னர் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 27 அன்று நடைபெற்றது.

தி.மு.க. மறைந்த உறுப்பினரின் மகன் இன்பசேகரனை நிறுத்தியது. பா.ம.க. ஜி.கே.மணியின் மகன் தமிழ்க்குமரனை நிறுத்தியது. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று எல்லா இடங்களிலும் தோற்றிருந்த பா.ம.க.வுக்கு, தனித்து நின்று தன் பலத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. அ.தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் தனித்தனியே களத்தில் இருந்தன. ஒரு சிறிய ஊர் சில வாரங்களுக்கு மாநில அரசியலின் மையமாக மாறியது. தகுதியுள்ள வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

முடிவு இதுதான்: இன்பசேகரன் 77,669 வாக்குகள், தமிழ்க்குமரன் 41,285, அ.தி.மு.க. 26,787, தே.மு.தி.க. 11,406. வெற்றி வித்தியாசம் 36,384 வாக்குகள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். மாநிலத்தின் முக்கிய எதிர்க்கட்சியான அ.தி.மு.க. அதைப் பறிகொடுத்தது.

கணக்கு பொய்த்த ஆண்டு

அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வந்தது. தி.மு.க.வும் பா.ம.க.வும் மீண்டும் ஒரே அணியில் சேர்ந்தன. இடைத்தேர்தலில் இந்த இரு கட்சிகளும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 1,18,954 வருகிறது. எதிரணியில் சேர்ந்த அ.தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் பெற்றவற்றைக் கூட்டினால் 38,193 மட்டுமே. காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே அல்ல. அதே இன்பசேகரன்தான் தி.மு.க. வேட்பாளர்.

ஆனால் வென்றவர் அ.தி.மு.க. அணியில் நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் நஞ்சப்பன். தொகுதி மறுசீரமைப்பால் எல்லைகள் ஓரளவு மாறியிருந்தன என்பது உண்மைதான். எனினும் இவ்வளவு பெரிய மாற்றத்தை அது மட்டும் விளக்கிவிடாது. இடைத்தேர்தலில் அமைச்சர்கள் ஊர் ஊராக முகாமிட்டு, ஆளும் கட்சியின் முழு பலமும் ஒரே தொகுதியில் குவிகிறது. பொதுத்தேர்தலில் அந்தப் பலம் 234 ஆகப் பிரிந்துவிடுகிறது. ஆட்சியின் மீது மாநிலம் முழுவதும் எழுந்த அதிருப்தியும் பென்னாகரத்தை எட்டியது. ஒரு கட்சி பெற்ற வாக்குகளைக் கூட்டணித் தலைவர்கள் அப்படியே இன்னொரு கட்சிக்கு மாற்றித் தந்துவிட முடியாது என்ற பாடத்தைப் பென்னாகரம் கற்றுத் தந்தது.

முதல்வர் வேட்பாளரின் தோல்வி

2016-ல் பா.ம.க. மாநிலம் முழுவதும் தனித்து நின்றது. அக்கட்சியின் முதல்வர் வேட்பாளரான அன்புமணி ராமதாஸ் தேர்ந்தெடுத்த தொகுதி பென்னாகரம். 2014-ல் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் அவர். அந்த ஆண்டு தமிழகத்தில் அ.தி.மு.க. தோற்ற இடங்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று தருமபுரி. ஆகவே இது பாதுகாப்பான தொகுதி என்றே பலரும் நினைத்தனர்.

அ.தி.மு.க. சார்பில் கே.பி.முனுசாமி நின்றார். மும்முனைப் போட்டியில் வாக்குகள் பிரிந்தன. இன்பசேகரன் 76,848 வாக்குகள் பெற்று வென்றார். அன்புமணி 58,402 வாக்குகளுடன் இரண்டாம் இடத்தில் நின்றார். பா.ம.க.வுக்கு மாநிலத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

2021-ல் பா.ம.க. அ.தி.மு.க.வுடன் சேர்ந்தபோது, ஜி.கே.மணி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இதே தொகுதியில் மீண்டும் வென்றார். 2010-ல் தன் மகனைத் தோற்கடித்த இன்பசேகரனை அவர் இம்முறை தோற்கடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தண்ணீரும் வாக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அந்த நீரைத் தொடர்ந்து குடிப்பவர்களுக்குப் பற்களில் கறை படிகிறது, எலும்புகள் பாதிக்கப்படுகின்றன. இதற்குத் தீர்வாகக் காவிரி நீரை வீடுகளுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தடைகளைக் கடந்து, ஜப்பானிய நிதியுதவியோடு பணிகள் நடந்து, 2013 மே மாதத்தில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

அடிக்கல் நாட்டியபோது பென்னாகரத்தின் உறுப்பினர் பெரியண்ணன். இடையில் இன்பசேகரன். தண்ணீர் வந்தபோது நஞ்சப்பன். அடிக்கல் நாட்டியது தி.மு.க. அரசு, தொடங்கி வைத்தது அ.தி.மு.க. அரசு. மூன்று உறுப்பினர்களையும் இரண்டு ஆட்சிகளையும் தாண்டித்தான் அந்தத் தண்ணீர் குழாய்க்கு வந்து சேர்ந்தது. வந்த தண்ணீருக்கு எந்த ஒரு கட்சியும் தனியாக உரிமை கோர முடியாது. வராத ஊர்களுக்கான பொறுப்பிலிருந்தும் எந்தக் கட்சியும் நழுவ முடியாது.

பா.ம.க.வுக்கு இங்கே வலுவான வேர் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. தோற்ற 2010-லும் 2016-லும் அது இரண்டாம் இடத்தைப் பிடித்ததே அதற்குச் சான்று. ஆனால் கோட்டை என்றால் உள்ளே இருப்பவர் தனியாகவே காத்துக்கொள்ள வேண்டும். 1996-க்குப் பிறகு தனித்து நின்ற இரு முறையும் பா.ம.க.வால் அது முடியவில்லை. தி.மு.க.வும் தான் பெற்ற பெரிய வெற்றியை ஓர் ஆண்டுக்கு மேல் காத்துக்கொள்ளவில்லை. பென்னாகரத்து வாக்காளர்கள் தங்கள் ஊரை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குக் கடனாகத்தான் கொடுத்து வந்திருக்கிறார்கள்.