ஆணியில்லாப் படகு

சென்னைக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை முறையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். பலகை ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, மூட்டின்மேல் நாரைத் திணித்து, தேங்காய் நார்க்கயிற்றால் இழுத்துத் தைத்த படகுகள் அவை. ஆணி கிடைக்காதவர்களின் இயலாமை என்று இதை நினைப்பது தவறு. கொடுமணல் என்ற ஊரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய நாடு இது.

காரணம் நாரின் குணத்தில் இருக்கிறது. தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி. உப்புநீரில் சீக்கிரம் மக்காது. இழுவலிமையில் அது சணலுக்குக் கீழேதான். ஆனால் சணல் இழை சுமார் 2 விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். தேங்காய் நார் 15 விழுக்காட்டுக்கு மேலும் நீண்டுகொடுக்கும். அலை படகைத் தூக்கி மணலில் அறையும்போது, ஆணி அடித்த மூட்டில் அதிர்ச்சி முழுவதும் ஆணித்துளையைச் சுற்றிக் குவிந்து பலகையைப் பிளக்கும். தைத்த மூட்டோ சற்றே நெளிந்து, அந்த விசையைத் தையல் முழுவதற்கும் பங்கிட்டுவிடும். படகு ஒழுகியது உண்மைதான். ஓயாமல் தண்ணீர் இறைக்க வேண்டும், அவ்வப்போது பிரித்துத் தைக்கவும் வேண்டும். உடையாத படகுக்காக அந்த உழைப்பைத் தெரிந்தே ஏற்றார்கள். அவ்வளவு சிறந்ததென்றால் சென்னையில் ஏன் மறைந்தது? அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் நெகிழ்வுக்கு அங்கே வேலையில்லை; நார் தோற்கவில்லை. துறைமுகமில்லாத ஆந்திர, ஒடிசா மணற்கரைகளில் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் தைத்த படகுகள் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தன.